எல்லா முடி உதிர்வும் யோசனையால் வருவதில்லை: தழும்பாகும் வழுக்கையை எப்படி இனங்காண்பது?

தலைமுடி கொட்டுகிறது என்று சொன்னால் நம்மிடையே உடனே கிடைக்கும் பதில், "யோசனையாக இருக்கும்" என்பதுதான். பிள்ளையைத் தேடி அலைந்த தாய், துணையை இழந்த பெண், இடம்பெயர்ந்து முகாமில் இருந்து திரும்பியவர் என்று யாராக இருந்தாலும் பதில் அதுவே. பெரும்பாலும் அந்தப் பதிலில் உண்மையும் இருக்கிறது. கடும் அதிர்ச்சி, பட்டினி, நீண்ட காய்ச்சல், சத்திரசிகிச்சை, பிரசவம் ஆகியவற்றுக்குப் பின்னர் முடி கொத்துக்கொத்தாக உதிர்வது மருத்துவம் நன்கு அறிந்த ஒன்று. டெங்கு, கொவிட் காய்ச்சல்களுக்குப் பின்னரும் பலர் இதை அனுபவித்திருப்பார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் யோசனையின் மேல் போட்டுவிடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு வரும் முடி உதிர்வு நோய்களில், அதிகம் காணப்படாத ஒரு கூட்டம் உண்டு. அவை முடியை உதிர்ப்பதோடு நிற்பதில்லை. முடி முளைக்கும் குழியையே அழித்து, அந்த இடத்தைத் தழும்பாக்கி விடுகின்றன. மருத்துவத்தில் இதைச் 'சிகாட்ரிஷியல் அலோபேசியா' என்பார்கள். தமிழில் தழும்பாகும் வழுக்கை என்று சொல்லலாம். யோசனையால் உதிர்ந்த முடி மாதங்கள் கழித்துத் திரும்பி வரும். தழும்பான இடத்தில் முடி திரும்பி வராது. "கவலை தீர்ந்தால் வளரும்" என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் இந்த நோய் உள்ளவருக்கு நட்டம்.

இந்த நோயை வைத்தியர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எப்போது நாம் சந்தேகப்பட வேண்டும், கிளினிக்குக்குப் போகும்போது எதைச் சொல்ல வேண்டும் என்பவற்றைப் பார்ப்போம்.

முடி ஏன் திரும்பி வருகிறது, ஏன் வராமல் போகிறது

நமது தலையில் ஏறத்தாழ 1 இலட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 வருடங்கள் வரை வளர்ந்து, பின்னர் சுமார் 3 மாதங்கள் ஓய்வெடுத்து, விழுந்துவிடும். அதே குழியில் புதிய முடி முளைக்கும். எனவே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடிகள் வரை விழுவது இயல்பானது.

உடலுக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்று நேரும்போது, வளர்ந்து கொண்டிருந்த முடிகளில் பெரும் பகுதி ஒரேயடியாக ஓய்வு நிலைக்குப் போய்விடும். அவை விழத் தொடங்குவது 2, 3 மாதங்களுக்குப் பின்னர்தான். இதனால்தான் காய்ச்சல் மாறி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் முடி கொட்டுகிறது. இங்கே குழிக்கு ஒன்றும் ஆவதில்லை. காரணம் நீங்கினால் சில மாதங்களில் முடி மீண்டும் அடர்த்தியாகும்.

முடிக் குழியின் பக்கச் சுவரில், எண்ணெய்ச் சுரப்பிக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறு புடைப்பு உள்ளது. புதிய முடியை உருவாக்கும் மூலக்கலங்கள் அங்கே இருப்பது 1990இல் அமெரிக்க ஆய்வாளர்களால் எடுத்துக்காட்டப்பட்டது. தழும்பாகும் வழுக்கையில், உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனக் கலங்களே குழியின் இந்தப் பகுதியைச் சூழ்ந்து தாக்குகின்றன. மூலக்கலங்கள் அழிந்ததும் குழி மூடி, அந்த இடத்தில் நார் இழையம் நிரம்பிவிடுகிறது. தோட்டத்தில் செடியை வெட்டினால் வேரில் இருந்து துளிர்க்கும். வேரோடு கெல்லி, மேலே சீமெந்து போட்டுவிட்டால் எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் துளிர்க்காது.

இந்தக் கூட்டத்தில் உள்ள முக்கிய நோய்கள்

தழும்பாகும் வழுக்கை ஒரே நோயல்ல. 2001இல் வட அமெரிக்க முடி ஆய்வுச் சங்கம், குழியைத் தாக்கும் வெண்குருதிக் கலம் எது என்பதை வைத்து இவற்றை வகைப்படுத்தியது. அந்த வகைப்பாடே இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. வளர்ந்தவர்களில் பார்க்க வேண்டியவை முக்கியமாக நான்கு.

லைக்கன் பிளானோபிலாரிஸ்: நடுவயதுப் பெண்களிடம் அதிகம். உச்சந்தலையில் ஒழுங்கற்ற திட்டுகளாகத் தொடங்கும். கடி, எரிவு, தொட்டால் நோ ஆகியவை இருக்கும். மிச்சமிருக்கும் முடிகளின் அடியைச் சுற்றிச் சிவப்பும், வெள்ளைச் செதிலும் தெரியும். சிலருக்கு வாய்க்குள் வெள்ளைக் கோடுகளோ, நகங்களில் மாற்றமோ, தோலில் ஊதா நிறத் தடிப்புகளோ கூடவே இருக்கும்.

புரொன்டல் பைப்ரோசிங் அலோபேசியா: 1994இல் அவுஸ்திரேலியத் தோல் வைத்தியர் ஸ்டீவன் கொசார்ட், மாதவிடாய் நின்ற 6 பெண்களிடம் கண்டு முதலில் விபரித்த நோய். நெற்றியோர முடியும் கன்னப்பொறி முடியும் ஒரு பட்டிபோல மெல்ல மெல்லப் பின்வாங்கும். புருவமும் உதிரும். பழைய முடியோரம் இருந்த இடத்தில் ஒன்றிரண்டு முடிகள் தனியாக நிற்கும். நெற்றி அகலமாகிறது, வயது போகிறது என்று பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

டிஸ்கொயிட் லூபஸ்: நம்மைப் போன்ற நிறமுடைய தோலில் இது தெளிவாகத் தெரியும். திட்டின் நடுப்பகுதி வெளுத்துப் போகும், ஓரம் கறுத்திருக்கும். ஒட்டிய செதில் இருக்கும். வெயில் பட்டால் கூடும். காது மடலிலும் முகத்திலும் இதே போன்ற திட்டுகள் இருக்கலாம். இந்த நோய் உள்ளவர்களில் சிறு பகுதியினருக்கு மூட்டு, சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளைத் தாக்கும் லூபஸும் வரக்கூடும். எனவே இதைக் கண்டுபிடிப்பது முடிக்காக மட்டும் அல்ல.

பொலிக்கியூலைட்டிஸ் டிகல்வன்ஸ்: சீழ்க் கொப்பளங்களும் பொருக்கும் உள்ள வகை. ஒரே குழியில் இருந்து பல முடிகள், பொம்மையின் தலைமுடி போல, கற்றையாக வெளியே வரும். இதில் ஸ்டபிலோகொக்கஸ் பக்ரீரியாவுக்கும் பங்கு இருப்பதாகக் கருதப்படுகிறது.

முதற் கட்டம்: வைத்தியர் கேட்கும் கேள்விகள்

நோய் நிர்ணயத்தின் பெரும் பகுதி பேச்சில்தான் தொடங்குகிறது. முடி தலை முழுவதும் ஐதாகிறதா, அல்லது திட்டுத் திட்டாகப் போகிறதா? சீப்பிலும் தலையணையிலும் அதிகமாக விழுகிறதா, அல்லது விழுவது தெரியாமலே இடம் வெளிக்கிறதா? கடி, எரிவு, நோ உண்டா? எப்போது தொடங்கியது? அதற்கு 3 மாதம் முன்னர் காய்ச்சலோ, பிரசவமோ, பெரும் துயரமோ நடந்ததா? என்னென்ன குளிசைகள் பாவிக்கிறீர்கள்? மூட்டு நோ, வாய்ப்புண், வெயிலில் தோல் சிவத்தல் உண்டா?

தழும்பாகும் வழுக்கையின் தந்திரம் இதுதான்: பலருக்கு இது சத்தமில்லாமல் நடக்கும். கைநிறைய முடி விழாது. ஒரு நாள் உச்சி பிரிக்கும்போது ஒரு வெற்றிடம் தெரியும். அல்லது வேறொருவர் சொல்லித்தான் தெரியவரும். தலையில் கடியும் எரிவும் இருந்து, பொடுகுச் சம்பூவுக்கும் அது மாறவில்லை என்றால், அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

போரில் அடைந்த இழப்புகளைப் பற்றி வைத்தியர் கேட்டால் மறைக்க வேண்டியதில்லை. அதேவேளை, அதை மட்டும் சொல்லிவிட்டுக் கடியையும் எரிவையும் சொல்லாமல் விட்டால், வைத்தியரும் "யோசனை" என்ற முடிவுக்கே வரக்கூடும். நோயாளர்கள் நிறைந்த கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிடங்களில் முதலில் சொல்ல வேண்டியது உடலில் உள்ள அறிகுறிகளைத்தான்.

இரண்டாம் கட்டம்: கண்ணால் பார்த்தலும் இழுத்துப் பார்த்தலும்

வைத்தியர் முதலில் தேடுவது ஒரே ஒரு விடயம்: வெளித்த இடத்தில் முடிக் குழிகளின் வாய்கள் தெரிகின்றனவா? தெரிந்தால் குழி உயிரோடு இருக்கிறது. தெரியாமல், தோல் வழுவழுப்பாகப் பளபளத்தால் அது தழும்பின் அடையாளம்.

இதை வெறும் கண்ணால் சொல்வது எப்போதும் இலகுவல்ல. அதனால் 'டேர்மொஸ்கோப்' என்ற, வெளிச்சம் பொருத்திய கைக்கருவியால் பெருப்பித்துப் பார்ப்பார்கள். லைக்கன் பிளானோபிலாரிஸில் முடியடியைச் சுற்றிக் குழாய் போன்ற செதிலும், லூபஸில் சிவப்புப் புள்ளிகளும் குழிகளை அடைத்த செதில் அடைப்புகளும் தெரியும். புழுவெட்டில் மஞ்சள் புள்ளிகளும், அடியில் மெலிந்து நுனியில் தடித்த, ஆச்சரியக்குறி போன்ற முடிகளும் தெரியும். பங்கசுத் தொற்றில் முடி காற்புள்ளி போல வளைந்தோ, தக்கைத் திருகி போலச் சுருண்டோ இருக்கும்.

பின்னர் 50, 60 முடிகளை விரல்களுக்கு இடையில் பிடித்து, அடியில் இருந்து நுனி வரை மெதுவாக இழுப்பார்கள். வழமையான அளவுகோலின்படி பத்தில் ஒரு பங்குக்கு மேல் கையோடு வந்தால் உதிர்வு இயல்புக்கு மேற்பட்டது. வந்த முடிகளின் வேரை நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். ஓய்வு நிலை முடிகளானால் அதிர்ச்சியால் வந்த உதிர்வு. வளரும் நிலை முடிகளே இலகுவாக வந்தால், அது தழும்பாகும் நோய் அந்த இடத்தில் உக்கிரமாக இருப்பதைக் காட்டக்கூடும்.

மூன்றாம் கட்டம்: குருதிப் பரிசோதனைகள்

குருதிப் பரிசோதனை ஒன்றால் தழும்பாகும் வழுக்கையை உறுதிப்படுத்த முடியாது. ஆனால் கூடவே இருக்கக்கூடிய காரணங்களை அறிய அது உதவும். குருதிச்சோகைக்கு முழுக் குருதிப் பரிசோதனை, இரும்புச்சத்து இருப்பை அறிய பெரிட்டின், தைரொயிட்டுக்கு ரி.எஸ்.எச்., லூபஸ் சந்தேகமானால் ஏ.என்.ஏ., அதனுடன் சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவை பொதுவாகச் செய்யப்படும். பூச்சி அரித்தது போலத் திட்டுத் திட்டாக முடி போயிருந்தால் சிபிலிசுக்கான பரிசோதனையும் கேட்கலாம். இது யாரையும் சந்தேகப்பட்டுக் கேட்பதல்ல. மருந்தால் முழுமையாகக் குணமாகும் நோய் என்பதால் தவறவிடக் கூடாது என்பதே காரணம்.

ஒரு கவனம்: முடிக்கென்று பாமசிகளில் விற்கும் விற்றமின் குளிசைகள் பலவற்றில் பயோட்டின் கூடுதலாக உள்ளது. அது தைரொயிட் உட்பட்ட சில ஆய்வுகூடப் பரிசோதனைகளின் பெறுபேற்றைப் பிழையாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. பரிசோதனைக்கு முன்னர் அதைப் பாவிப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நான்காம் கட்டம்: பயொப்சி

தழும்பாகும் வழுக்கை என்ற சந்தேகம் வந்தால், உறுதிப்படுத்தும் வழி பயொப்சிதான். அந்தச் சொல்லைக் கேட்டதும் புற்றுநோய் என்று பயப்படுபவர்கள் பலர். இங்கே தேடுவது புற்றுநோயை அல்ல. குழியைத் தாக்குவது எந்தக் கலம், எந்த ஆழத்தில் தாக்குகிறது, குழிகள் எவ்வளவு மிச்சம் என்பவற்றையே தேடுகிறார்கள்.

தலையில் விறைப்பு ஊசி போட்டு, பொதுவாக 4 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டக் கத்தியால், முடியின் வேர் இருக்கும் கொழுப்புப் படை வரை ஒரு சிறு துண்டு எடுக்கப்படும். ஊசி போடும்போது மட்டும் நோகும். ஒன்று அல்லது இரண்டு தையல் போடுவார்கள். ஒரு கிழமைக்குப் பின்னர் தையல் வெட்டப்படும். வேலைக்கு அன்றோ மறுநாளோ போகலாம். குருதி உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்கள், மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

துண்டு எடுக்கும் இடம் மிக முக்கியம். முழுவதும் வெளித்துப் பளபளக்கும் நடுப்பகுதியில் எடுத்தால் அங்கே தழும்பு மட்டுமே கிடைக்கும். எந்த நோய் அதை உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. சிவப்பும் செதிலும் உள்ள, முடி இன்னும் நிற்கும் ஓரத்தில் எடுக்க வேண்டும். முடிந்தால் இரண்டு துண்டுகள் எடுத்து, ஒன்றை நிலைக்குத்தாகவும் மற்றதைக் கிடையாகவும் வெட்டிப் பார்ப்பார்கள். லூபஸ் சந்தேகமானால், பிறபொருளெதிரிகள் படிந்திருப்பதை ஒளிரச் செய்து காட்டும் விசேட பரிசோதனைக்கும் ஒரு துண்டு தேவைப்படலாம். நோய் உக்கிரமாக உள்ள காலத்தில் எடுப்பதுதான் பயன். பல வருடம் கழித்து நோய் தானாக அடங்கிய பின்னர் எடுக்கும் துண்டு பெரும்பாலும் ஊமையாகவே இருக்கும்.

குழப்பக்கூடிய ஏனைய நிலைகள்

புழுவெட்டு: வட்டமாக, வழுவழுப்பாக இருப்பதால் தழும்பு போலத் தெரியும். ஆனால் குழிகள் உயிரோடு உள்ளன. பலருக்குத் தானாகவே வளரும். கடுமையான புழுவெட்டுக்கு 2022இல் பரிசிட்டினிப் என்ற குளிசை அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது.

இழுவையால் வரும் வழுக்கை: வருடக்கணக்காக இறுக்கிப் பின்னுவதாலும் கொண்டை போடுவதாலும் நெற்றியோரமும் காதுக்கு மேலும் முடி போகும். தொடக்கத்தில் விட்டுவிட்டால் திரும்பும். நீண்ட காலம் தொடர்ந்தால் இதுவும் தழும்பாகும்.

பங்கசு: சிறுவர்களிடம் அதிகம் என்றாலும் வளர்ந்தவர்களுக்கும் வரும். வைத்தியர் எழுதாமல் பாமசியில் வாங்கிய ஸ்ரெரோயிட் கலந்த கிறீமைப் பூசினால் அதன் தோற்றமே மாறி, நோயை இனங்காண்பது கடினமாகும். எதைப் பூசினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அந்தக் குழாயையே கொண்டு போனால் இன்னும் நல்லது.

தன்னையறியாமல் முடியைப் பிடுங்கும் பழக்கம்: மன அழுத்தமும் ஆழ்ந்த துயரமும் உள்ள சிலர், யோசனையில் இருக்கும்போது முடியைச் சுற்றி இழுத்துப் பிடுங்குவார்கள். திட்டுக்குள் வெவ்வேறு நீளத்தில் முறிந்த முடிகள் நிற்கும். இது பைத்தியமும் அல்ல, கெட்ட குணமும் அல்ல. உளநலச் சிகிச்சையால் உதவி பெறக்கூடிய நிலை.

ஒருவருக்கே இரண்டு காரணங்கள் இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. துயரத்தால் முடி உதிர்ந்து கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு, அதே நேரம் லைக்கன் பிளானோபிலாரிஸும் இருக்க முடியும். ஒன்று தெரிந்தவுடன் மற்றதைத் தேடாமல் விடுவதுதான் பல நேரம் நோய் பிந்திக் கண்டுபிடிக்கப்படுவதற்குக் காரணம்.

போர்க் காயத் தழும்புகள்

ஷெல் துண்டு, தீக்காயம், தலையில் செய்த சத்திரசிகிச்சை ஆகியவற்றால் ஏற்பட்ட தழும்பிலும் முடி முளைப்பதில்லை. இது நோயல்ல, காயத்தின் எச்சம். இது பரவாது. வருடங்கள் போனாலும் அளவு மாறாமல் இருக்கும். பழைய காயத் தழும்பைச் சுற்றிப் புதிதாக முடி போகத் தொடங்கினால், அல்லது தொலைவில் இன்னொரு திட்டு வந்தால், அதைப் பழைய காயத்தின் கணக்கில் எழுதாமல் காட்ட வேண்டும்.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண் வந்தால், தடித்து வளர்ந்தால், அடிக்கடி குருதி கசிந்தால் தாமதிக்கக் கூடாது. பல வருடங்கள், சில வேளை பல தசாப்தங்கள் கழித்து, அத்தகைய தழும்பில் தோல் புற்றுநோய் உருவாகலாம். மிக நீண்ட கால லூபஸ் திட்டுகளிலும் இது அரிதாக நேரும். 2009இலோ அதற்கு முன்னரோ காயப்பட்டவர்களுக்கு இது இப்போதும் நினைவில் இருக்க வேண்டிய விடயம். சில கிழமைகளாக ஆறாத எந்தப் புண்ணையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சிகிச்சையில் எதை எதிர்பார்க்கலாம்

போன முடியை மீட்பதல்ல, இருக்கும் முடியைக் காப்பாற்றுவதே முதல் நோக்கம். இதை முதலிலேயே விளங்கிக்கொள்ளாதவர்கள், "மருந்து போட்டும் வளரவில்லை" என்று இடையில் நிறுத்திவிடுகிறார்கள். கடி எரிவு நிற்பதும், திட்டு பெரிதாகாமல் நிற்பதுமே மருந்து வேலை செய்வதன் அடையாளம்.

வீரியமான ஸ்ரெரோயிட் பூச்சு, திட்டுக்குள் போடும் ஸ்ரெரோயிட் ஊசி, டொக்சிசைக்கிளின் போன்றவை பயன்படுத்தப்படுகின்றன. லூபஸுக்கும் லைக்கன் பிளானோபிலாரிஸுக்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் எழுதப்படலாம். வன்னியில் மலேரியாக் காலத்தில் கொடுத்த குளோரோகுயினின் குடும்பத்தைச் சேர்ந்த குளிசை இது. மலேரியாக் குளிசையை ஏன் தருகிறார்கள் என்று குழம்ப வேண்டாம். நிர்ப்பீடனத்தின் உக்கிரத்தை அடக்குவதற்காகவே தரப்படுகிறது. நீண்ட காலம் எடுத்தால் கண்ணின் விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால், உடல் நிறைக்கு ஏற்ற அளவும், குறித்த காலத்தில் கண் பரிசோதனையும் அவசியம். லூபஸ் உள்ளவர்கள் வெயிலைத் தவிர்க்க வேண்டும், புகைத்தலை நிறுத்த வேண்டும்.

முடி நடும் சத்திரசிகிச்சைக்கு அவசரப்படக் கூடாது. நோய் உக்கிரமாக இருக்கும்போது நட்ட முடியையும் அது அழித்துவிடும். குறைந்தது ஓரிரு வருடங்கள் நோய் அடங்கியிருந்த பின்னரே அதை யோசிக்கலாம். காயத் தழும்புகளுக்கு இந்தத் தடை இல்லை.

மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வரும் என்பது உண்மையல்ல. சவரக்கத்தி தோலுக்கு மேலேதான் வெட்டுகிறது. குழிக்கு அதனால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. உள்ளி, மிளகு போன்றவற்றை அரைத்துத் தேய்ப்பது தோலைப் புண்ணாக்கி, ஏற்கனவே தாக்கப்படும் குழிகளை மேலும் கெடுக்கும்.

கிளினிக்குக்குப் போகும்போது

அரச வைத்தியசாலைகளில் இந்தச் சேவை இலவசம். அருகில் உள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தோல் நோய் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைகளில் தோல் நோய் வைத்திய நிபுணர்களின் கிளினிக்குகள் உள்ளன.

போகும் நாளில் தலையில் எண்ணெய் வைக்க வேண்டாம். எண்ணெய் செதிலை மறைத்துவிடும். இறுக்கிப் பின்னாமல் போங்கள். பாவித்த குளிசை, கிறீம், நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டு போங்கள். முன்னைய கிளினிக் கொப்பியும் பரிசோதனைப் பெறுபேறுகளும் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். கைத்தொலைபேசியில் மாதம் ஒரு முறை, ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் தலையைப் படம் எடுத்து வையுங்கள். திட்டு பெரிதாகிறதா என்பதை ஞாபகத்தைவிடப் படம் சரியாகச் சொல்லும்.

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்: முடி போன இடத்தில் கடி, எரிவு அல்லது நோ, குழிகள் தெரியாத பளபளப்பான தோல், புருவமும் சேர்ந்து உதிர்தல், நிறம் மாறிய திட்டு, சீழ்க் கொப்பளம், பழைய தழும்பில் ஆறாத புண்.

இழப்புகளைச் சுமந்தவர்களிடம் முடியைப் பற்றிப் பேசுவது சின்ன விடயமாகத் தோன்றலாம். "உயிரே போனபோது முடி என்ன" என்று சொல்லித் தலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு இருந்துவிடுபவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களுடைய துயரம் உண்மையானது. ஆனால் துயரம் இருக்கிறது என்பதற்காக, உடலில் உள்ள நோயைப் பார்க்காமல் விடத் தேவையில்லை. அம்மாவோ அக்காவோ தலை கடிக்கிறது என்று சொன்னால், ஒருமுறை அவர்களின் உச்சியை விலக்கி வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்போ செதிலோ பளபளப்போ தெரிந்தால் அடுத்த கிளினிக் நாளுக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.